எடிட்டருக்குள் விசைகளும் துணை ப்ராசஸ்களும்: சி மொழியில் எழுதத் தொடங்குவோருக்கான முழு வழிகாட்டி

டெர்மினலில் ஓடும் சிறிய டெக்ஸ்ட் எடிட்டர் ஒன்றை சி மொழியில் எழுதுபவர்களுக்கு இந்த வழிகாட்டி. திரையில் எழுத்தைக் காட்டுவதும் கோப்பைத் திறந்து சேமிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். விசைப்பலகையில் இருந்து வருவதை வாங்குவது, எடிட்டருக்குள் இருந்தபடியே வேறொரு கட்டளையை ஓட்டுவது, இந்த இரண்டையும் மட்டும் பார்ப்போம்.

வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் பழகும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். விசைப் பகுதி நன்றாக ஓடும். வேறொரு ப்ராசஸைத் தொடங்கும் ஃபோர்க் அழைப்பைச் சேர்த்த அன்றே எல்லாம் குலைந்துவிடும். விசைக்காகக் காத்திருக்கும் வரி ஓரிடத்திலும், அப்படித் தொடங்கிய சைல்ட் ப்ராசஸுக்காகக் காத்திருக்கும் வரி வேறோரிடத்திலும் இருப்பதுதான் காரணம். எடிட்டர் காத்திருக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான் இப்படி அமைந்திருக்கிறது, தயவுசெய்து மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

லினக்ஸ் இருந்தால் நல்லது. விண்டோஸ் மடிக்கணினியில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போதும். மேக்கிலும் பெரும்பாலானவை அப்படியே ஓடும். ஜிசிசி கம்பைலர், மேன் பக்கங்கள் (கையேடு), லினக்ஸில் எஸ்ட்ரேஸ் (நிரல் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் கருவி) ஆகியவற்றை முதலிலேயே போட்டுவையுங்கள்.

இரண்டாவது டெர்மினல் ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். எடிட்டர் உறைந்துபோனால் அங்கிருந்துதான் கொல்ல முடியும். தட்டுவது திரையில் தெரியாமல் போனால் கண்ணை மூடிக்கொண்டு 'ஸ்டிடிவை சேன்' என்று தட்டி கன்ட்ரோல்+ஜே அழுத்துங்கள். அந்த நிலையில் என்டர் சில ஷெல்களில் வேலை செய்யாது, கன்ட்ரோல்+ஜே செய்யும்.

பிழை தேட பிரின்ட்எஃப் உதவாது; அது திரையைக் கலைத்துவிடும். ஒரு லாக் கோப்பைத் திறந்து அதில் எழுதுங்கள். இரண்டாவது டெர்மினலில் 'டெயில் -எஃப்' மூலம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சோதனைக்கு ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்பை எடுக்காதீர்கள். எங்கள் குழுவில் கரையோர ரயில் பாதையின் நிலையப் பெயர்களை வைத்திருக்கிறோம்: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. ஒவ்வொன்றும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று வரி. கொழும்பில் யார் கையிலும் வரும் கோப்பு இப்படித்தான் இருக்கும், பிழைகளும் இதில்தான் சீக்கிரம் வெளியே வரும்.

2. திரும்பி வரும் வழியை முதலில் போடுங்கள்

எல்லோரும் ரா மோடுக்குள் (ஒவ்வொரு விசையும் உடனே எடிட்டருக்கு வரும் டெர்மினல் நிலைக்குள்) போவதை முதலில் எழுதுகிறார்கள். வெளியே வருவதை முதலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் எடிட்டர் விழும் ஒவ்வொரு முறையும் டெர்மினலும் சேர்ந்து கெடும், உங்கள் நேரம் அதைச் சரிசெய்வதில் போகும்.

டிசிகெட்ஆட்டர் மூலம் டெர்மினலின் தற்போதைய அமைப்பை ஒரு குளோபல் மாறியில் வையுங்கள். அதை மீட்டுவைக்கும் சிறு ஃபங்ஷனை எழுதி, நிரல் முடியும்போது ஓடும்படி அட்எக்ஸிட்டில் பதியுங்கள். மாற்றுத் திரையை (எடிட்டருக்கெனத் தனியாக எடுத்து, முடிந்ததும் பழைய திரைக்குத் திரும்பும் வசதியை) பயன்படுத்தினால் அதிலிருந்து வெளியேறும் வரிசையையும் இதே ஃபங்ஷனில் அனுப்புங்கள்.

ஒரு சிக்னல் எடிட்டரைக் கொன்றால் அட்எக்ஸிட் ஓடாது. ஆகவே சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்பது), சிக்ஹப் (டெர்மினல் மூடப்பட்டது), சிக்செக்வி (தவறான நினைவக அணுகல்) மூன்றுக்கும் ஹேண்ட்லர், அதாவது சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன், வேண்டும். அதற்குள் டிசிசெட்ஆட்டர், ரைட் இரண்டையும் அழைக்கலாம்; பிரின்ட்எஃப், மேலாக் இரண்டையும் அழைக்கக் கூடாது. டெர்மினலை மீட்டபின் அந்தச் சிக்னலை இயல்பு நிலைக்கு மாற்றி மறுபடி எழுப்புங்கள். அப்போதுதான் எப்படி இறந்தது என்பது ஷெல்லுக்குச் சரியாகத் தெரியும்.

இரண்டாவது டெர்மினலில் இருந்து 'கில்' கொடுத்துப் பாருங்கள். முதல் டெர்மினலில் பிராம்ப்ட் ஒழுங்காக வந்தால் அடுத்த படி.

3. ரா மோட்: எதை ஏன் அணைக்கிறோம்

வழக்கமான நிலையில் கெர்னல் ஒரு முழு வரியைச் சேர்த்துவைத்து, என்டர் அழுத்திய பிறகுதான் தரும். எடிட்டருக்கு ஒவ்வொரு விசையும் உடனே வேண்டும். அதற்கு, வரியாகச் சேர்த்துவைக்கும் ஐகேனான் கொடி அணைய வேண்டும். நாமே திரையை வரைவதால், தட்டியதைத் தானே காட்டும் எக்கோவும் அணைய வேண்டும்.

விசையைச் சிக்னலாக மாற்றும் ஐசிக் அணைந்தால் கன்ட்ரோல்+சி சிக்னலாக வராது, 3 என்ற பைட்டாக வரும். ஐஎக்ஸ்ஆன் அணைந்தால்தான் கன்ட்ரோல்+எஸ் உங்கள் கைக்கு வரும். இல்லாவிட்டால் அது திரை வெளியீட்டை நிறுத்திவிடும், புதியவர்கள் எடிட்டர் தொங்கிவிட்டது என்று நினைப்பார்கள். ஐசிஆர்என்எல் அணைந்தால் என்டர் 13 ஆகவும் கன்ட்ரோல்+ஜே 10 ஆகவும் தனித்தனியே வரும். ஓபோஸ்ட் அணைந்தபின் புதிய வரிக்குச் சிஆர், எல்எஃப் இரண்டையும் நீங்களே அனுப்பவேண்டும். திரையில் வரிகள் படிக்கட்டாக இறங்கினால் இதைத்தான் மறந்திருக்கிறீர்கள்.

பல எளிய உதாரணங்களில் விமின் (ரீட் திரும்பக் குறைந்தது எத்தனை பைட் வேண்டும்) 0, விடைம் (எவ்வளவு நேரம் பொறுப்பது) 1 என்று இருக்கும். விடைமின் அலகு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு. அதாவது ஒன்றுமே நடக்காதபோதும் எடிட்டர் நொடிக்கு 10 முறை விழித்தெழும். அதோடு ரீட் 0 தந்தால் 'இன்னும் விசை வரவில்லை' என்றா, 'டெர்மினல் மூடப்பட்டுவிட்டது' என்றா என்பதும் தெரியாது. விமின் 1, விடைம் 0 வையுங்கள். காத்திருக்கும் வேலையை 5ஆம் படியில் வரும் 'போல்' என்ற அழைப்பு (பல முனைகளில் எதில் ஏதாவது வந்தாலும் எழுப்பிவிடுவது) பார்த்துக்கொள்ளும்.

4. பைட்டுகளை விசையாக மாற்றுவது

ரீட் தருவது பைட்டுகள். பயனர் அழுத்துவது விசை. இடையில் ஒரு டிகோடர் வேண்டும். பைட்டுகளை ஒரு பஃபரில் சேர்த்து, முழு விசை கிடைத்தால் மட்டும் வெளியே கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன். அது ரீடை அழைக்கக் கூடாது, எதற்காகவும் காத்திருக்கவும் கூடாது. அப்படிப் பிரித்துவிட்டால் டெர்மினலே இல்லாமல் அதைத் தனியாகச் சோதிக்கலாம்.

தமிழில் தட்டியதும் ஒன்றுமே வரவில்லை என்பதுதான் எங்களிடம் அதிகம் வரும் முறைப்பாடு. 'க' என்ற எழுத்து யூடிஎஃப்-8 இல் 224, 174, 149 என்று மூன்று பைட்டாக வருகிறது. ஒரு பைட்டைச் சார் வகை மாறியில் வாங்கினால், இன்டெல் மடிக்கணினிகளில் அந்த வகை குறியுடையது என்பதால் 224 என்பது மைனஸ் 32 ஆகிவிடும். '32ஐ விடக் குறைவானால் கன்ட்ரோல் விசை' என்று எழுதிய நிபந்தனைக்குள் அது போய் விழும். லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பை-யில் அதே நிரல் சரியாக ஓடும், ஏனென்றால் அங்கே சார் குறியற்றது. 'அவனுடையதில் வேலை செய்கிறது, என்னுடையதில் இல்லை' என்று இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் அன்சைன்ட் சார் பயன்படுத்துங்கள், அதோடு முடிந்தது.

முதல் பைட்டைப் பார்த்து எத்தனை பைட் வேண்டும் என்று முடிவுசெய்யலாம்: 128க்குக் கீழ் என்றால் ஒன்று, 194 முதல் 223 வரை இரண்டு, 224 முதல் 239 வரை மூன்று, 240 முதல் 244 வரை நான்கு. தமிழும் சிங்களமும் மூன்று பைட் கூட்டத்தில் வருகின்றன. ஒரு ரீட் எழுத்தின் நடுவில் அறுந்து நிற்கலாம், முக்கியமாகப் பெரிய பகுதியை ஒட்டும்போது. மீதி பைட் வரும்வரை பஃபரில் வைத்திருங்கள். கேள்விக்குறி போட்டு மாற்றிவிடாதீர்கள்.

அடுத்தது பின்னழிப்பு விசை. 'கி' என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, கோப்பில் இரண்டு குறியீடு, ஆறு பைட். கர்சர் அதை ஒரே தாவலில் கடக்கவேண்டும். ஆனால் பின்னழிப்பு கடைசிக் குறியீட்டை மட்டும் அழிப்பதே நல்லது என்பது என் முடிவு. ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையில் தட்டுபவர் தவறான விசிறியை ('ி' போன்ற குறியை) அழுத்திவிட்டால் 'க'வையும் சேர்த்து இழக்கத் தேவையில்லை. முன்னழிப்பு விசை முழு எழுத்தையும் எடுக்கலாம். பின்னழிப்பு சில டெர்மினல்களில் 127 ஆகவும் சிலவற்றில் 8 ஆகவும் வரும், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளை வடிகட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. சிங்களத்தில் 'ஸ்ரீ' என்பதை எழுத நடுவே ஓர் இணைப்பான் குறியீடு தேவை, அதன் அகலம் பூச்சியம். அதை நீக்கினால் 'ஸ்ரீ லங்கா' என்ற பெயரே சிங்களத்தில் உடைந்து தெரியும். வடிகட்டாதீர்கள்.

இனி எஸ்கேப். மேல் அம்புக்குறி 27, 91, 65 என்று வருகிறது. சில நிலைகளில் நடுவில் 91க்குப் பதில் 79 வரும். கன்ட்ரோல்+வலது அம்பு 27, 91, 49, 59, 53, 67. மூன்று பைட்டுடன் நிறுத்திவிடும் டிகோடரில் மீதி மூன்றும் எழுத்தாக உள்ளே போய் விழும். கோப்பின் நடுவில் அரைப்புள்ளியும் 5உம் முளைத்தால் காரணம் இதுதான். 27, 91 வந்தபின் 64 முதல் 126 வரையுள்ள ஒரு பைட் வரும்வரை படியுங்கள், அதுதான் முடிவு. வரிசை உங்களுக்குத் தெரியாததாக இருந்தால் முழுவதையும் விழுங்கிவிடுங்கள்.

எஸ்கேப் விசையை மட்டும் அழுத்தினாலும் 27தான் வரும். ஆல்ட்+எக்ஸ் என்பதும் 27க்குப் பின் 120. அழுத்தியது எது என்பதைக் காலம்தான் சொல்லும்: 27 தனியாக வந்தால் ஒரு சின்ன இடைவெளி பொறுத்து, எதுவும் வராவிட்டால் எஸ்கேப் என்று கொள்ளவேண்டும். டெர்மினல் திரைகளுக்கான என்கர்ஸஸ் நூலகத்தின் இயல்பு அளவு 1000 மில்லிநொடி. எடிட்டருக்கு அது மிக அதிகம். 50 வையுங்கள், ஆனால் பயனர் மாற்றக்கூடியதாக வையுங்கள். டொங்கிள் இணைப்பில் வெளிநாட்டுச் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போகும்போது அம்புக்குறியின் பைட்டுகள் சில வேளை பிரிந்து வரும்.

கன்ட்ரோல்+ஐயும் டாபும் ஒரே பைட், 9. கன்ட்ரோல்+எம்மும் என்டரும் 13. சாதாரண டெர்மினலில் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. குறுக்குவிசைகளைத் தீர்மானிக்கும்போதே இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

5. ஒரே இடத்தில் காத்திருங்கள்

இப்போது முதன்மைச் சுற்று. அதன் தலையில் ஒரே ஒரு 'போல்' அழைப்பு. அது கவனிக்கும் பட்டியலில் விசைப்பலகை, சிக்னலுக்கான ஒரு பைப் (ஒரு முனையில் எழுதியதை மறு முனையில் படிக்கும் குழாய்), ஒவ்வொரு சைல்டின் வெளியீடு, அனுப்ப ஏதாவது மிச்சம் இருக்கும் சைல்டின் உள்ளீடு. டைம்அவுட் சாதாரணமாக மைனஸ் 1, அதாவது எவ்வளவு நேரமானாலும் தூங்கு. தனி 27 ஒன்று பஃபரில் நிற்கும்போது மட்டும் 50.

ஈமாக்ஸ் எடிட்டரின் மூலநிரலைப் பார்த்தால் இதே எண்ணம் தெரியும். விசைகள் கீபோர்ட் டாட் சி என்ற கோப்பில், ப்ராசஸ்கள் ப்ராசஸ் டாட் சி என்ற கோப்பில். ஆனால் விசைக்கும் ப்ராசஸ் வெளியீட்டுக்கும் சேர்த்துக் காத்திருக்கும் ஃபங்ஷன் ஒன்று, ப்ராசஸ் டாட் சி-யில் இருக்கிறது. நியோவிம் எடிட்டர் அதே வேலைக்கு லிப்யூவி நூலகத்தை வைத்திருக்கிறது.

சிக்னலுக்கு ஏன் பைப்? சிக்சைல்ட் (சைல்ட் இறந்தது), சிக்வின்ச் (சன்னலின் அளவு மாறியது) இரண்டும் எந்த நொடியிலும் வரலாம். பஃபர் பாதி மாறியிருக்கும் வேளையில் ஹேண்ட்லர் உள்ளே புகுந்து அதைத் தொட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பிழை வரும். ஹேண்ட்லர் ஒரு பைட்டைப் பைப்பில் எழுதிவிட்டுத் திரும்பட்டும், வேலையைச் சுற்று செய்யட்டும். பைப்பின் இரு முனைகளும் நான்பிளாக்கிங்காக, அதாவது காத்திருக்காமல் உடனே திரும்புவதாக, இருக்கவேண்டும். 'போல்' சிக்னலால் இடையில் நின்று ஈஇன்டர் தந்தால் அது பிழை இல்லை, சுற்றைத் தொடருங்கள்.

'போல்' எழுந்ததும் விசையை முதலில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு சைல்டிலிருந்தும் ஓர் அளவுக்கு மட்டும் படியுங்கள். 'யெஸ்' போல ஓயாமல் கொட்டும் கட்டளையை முடியும்வரை படிக்கப் போனால் விசைகள் செத்துவிடும். திரையை வரைவது சுற்றின் கடைசியில், ஒரே முறை.

6. சைல்டைத் தொடங்கும் வரிசை

இதுவரை ஃபோர்க் வரவில்லை. இப்போதுதான் அதற்கு நேரம்.

முதலில் பைப்புகள்: உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று, பிழைச் செய்திக்கு ஒன்று. எக்ஸெக்கின்போது (சைல்ட் வேறு கட்டளையாக மாறும்போது) தானே மூடிக்கொள்ளும் கொடியுடன், லினக்ஸில் பைப்2 மூலம், உருவாக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டாவதாகத் தொடங்கும் சைல்ட் முதல் சைல்டின் பைப் முனையையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஃபோர்க்குக்குப் பின் சைல்ட் பக்கம்: செட்பிஜிஐடி மூலம் தனி ப்ராசஸ் குழு. சிக்னல்கள் இயல்பு நிலைக்கு. டப்2 மூலம் 0 (உள்ளீடு), 1 (வெளியீடு), 2 (பிழைச் செய்தி) ஆகியவற்றைப் பைப்புகளுக்கு மாற்றுவது. பிறகு எக்ஸெக். எடிட்டர் புறக்கணித்த சிக்னல்கள் எக்ஸெக்கைத் தாண்டியும் புறக்கணித்தபடியே இருக்கும். அதனால்தான் மீட்பு தேவை.

எக்ஸெக் தோற்றால் எக்ஸிட்டை அழைக்காதீர்கள், அடிக்கோடுடன் தொடங்கும் எக்ஸிட்டை 127 என்ற எண்ணுடன் அழையுங்கள். சாதாரண எக்ஸிட், 2ஆம் படியில் நீங்கள் பதிந்த அட்எக்ஸிட் ஃபங்ஷனைச் சைல்டுக்குள் ஓட்டும். எடிட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, டெர்மினல் பழைய நிலைக்குப் போய்விடும். கட்டளையின் பெயரைப் பிழையாகத் தட்டினால் மட்டும் திரை கலைகிறது என்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

எடிட்டர் பக்கம்: சைல்டுக்குக் கொடுத்த முனைகளை உடனே மூடுங்கள். வெளியீட்டுப் பைப்பின் எழுதும் முனை உங்களிடமும் திறந்திருந்தால் சைல்ட் முடிந்தாலும் ஈஓஎஃப் (தரவு முடிந்தது என்ற அறிவிப்பு) வராது. 'கட்டளை முடிந்துவிட்டது, எடிட்டர் மட்டும் காத்துக்கொண்டே இருக்கிறது' என்று வருபவர்களில் பெரும்பாலானோர் மறந்த வரி அது.

சைல்டுக்கு உள்ளீடு எதுவும் தேவையில்லாவிட்டாலும் அதன் 0ஐச் சும்மா விடாதீர்கள். படித்தால் எப்போதும் வெறுமையாக இருக்கும் டெவ்-நல் கோப்புக்குத் திருப்புங்கள். விட்டால் அது டெர்மினலையே படிக்க முயலும். எடிட்டரின் குழுவிலேயே இருந்தால் நீங்கள் தட்டும் விசைகளில் சில அதற்குப் போகும், தனிக் குழுவில் இருந்தால் நிறுத்திவைக்கும் சிக்டிடின் சிக்னல் வந்து அது உறைந்து நிற்கும். பிழைச் செய்திக்கான 2உம் அப்படித்தான்: திருப்பாவிட்டால் கம்பைலரின் எச்சரிக்கை உங்கள் திரையின் நடுவில் வந்து விழும்.

7. சைல்டுக்குத் தரவு அனுப்புவது

தேர்ந்தெடுத்த வரிகளை ஒரு கட்டளைக்குக் கொடுத்து, திரும்பி வருவதை அதே இடத்தில் வைப்பது எடிட்டரில் அடிக்கடி தேவைப்படும் வேலை. புதியவர்கள் 'எல்லாவற்றையும் எழுது, பிறகு எல்லாவற்றையும் படி' என்று எழுதுகிறார்கள். நிலையப் பெயர்களை 'சார்ட்' கட்டளைக்கு அனுப்பினால் அழகாக ஓடும். காரணம், 'சார்ட்' உள்ளீடு முழுவதையும் வாங்கிய பிறகே எழுதத் தொடங்கும். அதே முறையில் ஒரு மெகாபைட் கோப்பை வந்தபடியே திருப்பித் தரும் 'கேட்' கட்டளைக்கு அனுப்பிப் பாருங்கள். எடிட்டர் உறைந்துபோகும்.

லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு இயல்பாக 65,536 பைட். வெளியீட்டுப் பைப் நிறைந்ததும் 'கேட்' நிற்கிறது. அது படிக்காததால் உள்ளீட்டுப் பைப்பும் நிறைகிறது, எடிட்டர் ரைட்டில் நிற்கிறது. இருவரும் மற்றவருக்காகக் காத்திருக்கிறார்கள். தீர்வு ஏற்கெனவே 5ஆம் படியில் இருக்கிறது: முனைகளை நான்பிளாக்கிங் ஆக்கி, 'போல்' இடம் இருக்கிறது என்று சொல்லும்போது மட்டும் எழுதி, எழுதிய அளவை நினைவில் வைத்துக்கொள்வது. அனுப்பி முடிந்ததும் உள்ளீட்டு முனையை மூடுங்கள். மூடாவிட்டால் 'சார்ட்' ஒருநாளும் பதில் தராது.

'ஹெட்' போன்றவை பாதியிலேயே உள்ளீட்டை மூடிவிடும். அப்போது எழுதினால் சிக்பைப் வந்து எடிட்டரையே கொன்றுவிடும், சேமிக்காத வேலையும் போகும். எடிட்டரில் சிக்பைப்பைப் புறக்கணியுங்கள். ரைட் ஈபைப் தந்தால் அந்த முனையை மூடினால் போதும்.

சைல்டின் வெளியீட்டிலும் எழுத்துகள் நடுவில் அறுந்து வரும். ஒவ்வொரு முனைக்கும் தனி யூடிஎஃப்-8 டிகோடர் நிலை வையுங்கள். ஒன்றையே பகிர்ந்தால் பிழைச் செய்தியின் பைட் வெளியீட்டின் எழுத்துக்குள் புகுந்துவிடும்.

8. முடிந்தது என்று எப்போது சொல்லலாம்

வெளியீடு ஈஓஎஃப் ஆவதும் சைல்ட் இறப்பதும் இரண்டு வேறு நிகழ்வுகள், எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. இறந்த சைல்டின் பைப்பில் இன்னும் தரவு கிடக்கலாம். இரண்டும் நடந்த பிறகே வேலை முடிந்தது என்று குறியுங்கள். பின்னணியில் ஒரு பேரப்பிள்ளை ப்ராசஸை விட்டுச்செல்லும் கட்டளைகளுக்கு மட்டும் இது பொருந்தாது, ஏனென்றால் அந்தப் பேரப்பிள்ளை பைப்பைப் பிடித்திருக்கும்வரை ஈஓஎஃப் வராது. சைல்ட் இறந்து சிறிது நேரம் எதுவும் வராவிட்டால் நீங்களே மூடிவிடலாம்.

இறந்த சைல்டின் முடிவை வாங்கும் வெயிட்பிஐடியை, காத்திருக்காதே என்னும் டபிள்யூநோஹேங் கொடியுடன், இனி யாரும் இல்லை என்று சொல்லும்வரை சுற்றில் அழையுங்கள். மூன்று சைல்ட் அடுத்தடுத்து இறந்தாலும் சிக்சைல்ட் ஒரு முறை மட்டும் வரலாம்.

நிறுத்தும் விசையை மறக்காதீர்கள். ஐசிக் அணைந்திருப்பதால் கன்ட்ரோல்+சி தானாக எதையும் கொல்லாது. 3 என்ற பைட் வந்ததும் சைல்டின் குழு எண்ணுக்கு மைனஸ் போட்டு கில் மூலம் சிக்டெர்ம் அனுப்புங்கள். தனி எண்ணுக்கு அனுப்பினால் ஷெல் மட்டும் இறந்து, அது தொடங்கிய கம்பைலர் ஓடிக்கொண்டே இருக்கும்.

9. டெர்மினலையே கேட்கும் கட்டளைகள்

'லெஸ்', ஷெல், கடவுச்சொல் கேட்பவை போன்றவற்றைப் பைப் வழியாக ஓட்டிப் பயனில்லை. இவற்றுக்கு எடிட்டர் ஒதுங்கிக்கொள்ளவேண்டும். மாற்றுத் திரையை விட்டு வெளியேறுங்கள், பழைய டெர்மினல் அமைப்பை மீட்டுங்கள், சைல்டைத் தனிக் குழுவாக்கி டிசிசெட்பிஜிஆர்பி மூலம் டெர்மினலை அதன் கையில் கொடுங்கள். இங்கு மட்டும் வெயிட்பிஐடியில் நேரடியாகக் காத்திருக்கலாம், ஏனென்றால் எடிட்டருக்கு அப்போது விசையே வராது. கன்ட்ரோல்+இசட் அழுத்தினாலும் அறிய டபிள்யூஅன்ட்ரேஸ்ட் கொடியும் சேருங்கள்.

திரும்பும்போது எடிட்டர் பின்னணிக் குழுவில் இருக்கும். டெர்மினலைத் திரும்ப எடுக்கும் அழைப்புக்கு முன் சிக்டிடிஓயூவைப் புறக்கணிக்காவிட்டால் எடிட்டரே நிறுத்தப்பட்டுவிடும். அப்புறம் ரா மோட், திரையின் அளவை மறுபடி கேட்பது, முழுதும் வரைவது. இடையில் பயனர் சன்னலைப் பெரிதாக்கியிருக்கலாம்.

10. சோதிக்கும் வரிசை

நிலையப் பெயர்க் கோப்பைத் திறந்து மூன்று மொழியிலும் தட்டி, அழித்து, ஒட்டிப் பாருங்கள். பிறகு 'ஸ்லீப் 30' ஐ ஓடவிட்டு அதன் நடுவே தட்டுங்கள். எழுத்து உடனே வரவேண்டும். 'யெஸ்' ஓடும்போது கன்ட்ரோல்+சி அழுத்துங்கள். ஒரு மெகாபைட்டை 'கேட்' வழியாக அனுப்புங்கள். இல்லாத ஒரு கட்டளையின் பெயரைக் கொடுங்கள். எதுவும் செய்யாமல் எடிட்டரை விட்டுவிட்டு எஸ்ட்ரேஸில் பாருங்கள்: 'போல்' என்ற ஒற்றை வரியில் அது அசையாமல் நிற்கவேண்டும். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தால் மூடிய முனை ஏதோ ஒன்று இன்னும் பட்டியலில் இருக்கிறது.

சைல்டுகள் முடிந்தபின், எடிட்டர் திறந்திருக்கும்போதே, இரண்டாவது டெர்மினலில் 'பிஎஸ் -இ' ஓட்டுங்கள். 'டிஃபங்ட்' (இறந்தும் முடிவு வாங்கப்படாத ப்ராசஸ்) என்று ஒரு வரி தெரிந்தால் 8ஆம் படியின் வெயிட்பிஐடி சுற்று சரியில்லை; அங்கே திரும்பிப் போங்கள்.